பொறுப்பு யாருக்குப் போகிறது? ஆலைகளில் சாதி பார்த்து நிற்கும் பதவி உயர்வைச் சரிசெய்ய எந்த வழி முதலில்

திருநெல்வேலி மாவட்டத்தில் கங்கைகொண்டான் சிப்காட் பக்கமோ தாழையூத்துப் பக்கமோ, 300 பேர் வேலை பார்க்கும் ஒரு ஆலையை எடுத்துக்கொள்வோம். ஆபரேட்டர் வரிசையில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிப்பும் மதிப்பெண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் ஷிஃப்ட் இன்சார்ஜ், உதவி மேலாளர் நாற்காலிகளில் இரண்டு மூன்று சமூகத்தார் மட்டும் இருப்பார்கள். யாரும் யாரையும் தடுத்ததாக ஒரு காகிதமும் இருக்காது.

தனியார் துறையில் இடஒதுக்கீடு கிடையாது. ஆகவே இதைச் சரிசெய்வதா வேண்டாமா என்பது நிர்வாகத்தின் மனசைப் பொறுத்தது. மனசு வந்தாலும் எச்.ஆர். (மனிதவளத் துறை) மேஜைமேல் ஒரே நேரத்தில் ஐந்தாறு யோசனைகள் வந்து விழும்: விழிப்புணர்வு வகுப்பு, பெயர் மறைத்த விண்ணப்பம், வழிகாட்டி முறை, மதிப்பெண் போடும் நேர்காணல், இலக்கு வைத்தல், பொறுப்புக் குழு. கையில் இருப்பதோ ஒரு வருஷம், ஒரு எச்.ஆர். மேலாளர், கொஞ்சம் பணம். எதை முதலில் எடுப்பது?

அமெரிக்கக் கணக்கு, நம்மூர் நடப்பு

இந்த விஷயத்தில் நிர்வாகவியல் ஆய்வு அதிகம் நடந்தது அமெரிக்காவில், நிறத்தை வைத்து. அங்கே கணக்கு இருக்கிறது என்பது முக்கியமான காரணம். 100 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனம், எந்தப் படிநிலையில் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் அரசுக்குப் படிவம் தர வேண்டும். அலெக்ஸாண்ட்ரா கலெவ், ஃபிராங்க் டாபின், எரின் கெல்லி மூவரும் 708 நிறுவனங்களின் 1971 முதல் 2002 வரையான படிவங்களை, எந்த நிறுவனம் எந்த ஆண்டில் என்ன திட்டம் தொடங்கியது என்பதோடு பொருத்திப் பார்த்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். மேலாளர் பதவிகளில் கறுப்பினத்தவரும் பெண்களும் கூடினார்களா என்று பார்த்தால், வகுப்பு எடுப்பது கடைசியில் நின்றது. வழிகாட்டி முறை நடுவில். இந்த எண்ணிக்கையைக் கூட்டும் பொறுப்பை ஒரு ஆளின் தலையிலோ ஒரு குழுவின் தலையிலோ கட்டிய நிறுவனங்கள் முன்னால் நின்றன. பொறுப்பைக் கட்டிய இடங்களில் மற்றத் திட்டங்களும் கூடுதலாக வேலை செய்தன என்பது அந்த ஆய்வின் இன்னொரு முடிவு. அதை யாரும் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை.

நம் நாட்டில் இப்படி ஒரு படிவம் இல்லை. ஆனாலும் சுகதேவ் தோராட்டும் பால் அட்டுவெலும் 2007இல் வெளியிட்ட சோதனை இருக்கிறது. தனியார் நிறுவனங்களின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை, பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். தலித் பெயர் கொண்டவர் நேர்காணலுக்கு அழைக்கப்படும் வாய்ப்பு விகிதம், மேல்சாதிப் பெயர் கொண்டவருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. உச்சியில் என்ன நிலைமை என்பதற்கு 2012இல் வந்த கணக்கு: இந்தியாவின் பெரிய 1,000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் ஏறத்தாழ 93 சதவீதம் பேர் முற்பட்ட சாதியினர்.

அமெரிக்கப் பாடத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. நிறம் கண்ணுக்குத் தெரியும். சாதியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். அதனால் கேள்வி வேறு பாதையில் வரும். "தம்பிக்குச் சொந்த ஊரு?" "வள்ளியூர் பக்கம் சார்." "வள்ளியூர்ல எங்க?" "பக்கத்துல ஒரு கிராமம் சார்." "கிராமத்துல எந்தத் தெரு?" நேர்காணலின் முதல் நிமிஷத்தில் இது முடிந்துவிடும். கேட்பவர் கெட்ட எண்ணத்தில் கேட்பதாகக்கூட நினைக்கமாட்டார், ஊர்ப்பாசம் என்பார். டெல்லி வட்டாரத்தில் 25 எச்.ஆர். மேலாளர்களிடம் பேசிய சுரிந்தர் ஜோட்காவும் கேதரின் நியூமனும், "குடும்பப் பின்னணி" என்ற கேள்வி இதே வேலையைச் செய்வதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே குடும்பம், இங்கே தெரு.

இன்னொரு வித்தியாசம், இது இரண்டு தரப்பு விவகாரம் இல்லை. ஒரு ஆலையில் எந்தச் சமூகம் மேலே இருக்கும் என்பது முதல் மேலாளர் யார், நிலம் யாருடையது, ஆள் பிடித்துக் கொடுத்த கான்ட்ராக்டர் யார் என்பதைப் பொறுத்தது. ஒரு ஆலையில் ஆதிக்கம் செய்யும் சமூகம், பத்துக் கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஆலையில் கேட்டுக்கு வெளியே நிற்கும். தலித்துகளுக்கு மட்டும் பெரும்பாலும் இரண்டு இடத்திலும் ஒரே கதைதான்.

தடை உட்கார்ந்திருக்கும் இடம்

பதவி உயர்வு நேர்காணலில் முடிவாவதில்லை. ஆறு மாதம், ஒரு வருஷம் முன்னாடியே முடிவாகிவிடுகிறது. இன்சார்ஜ் கொடை விழாவுக்கு லீவு போடுகிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு மேலாளர் போனை எடுத்து, "நாளைக்கு பி ஷிஃப்ட் நீ பாத்துக்கப்பா" என்று ஒருவரிடம் சொல்கிறார். யாரிடம்? எந்த நம்பர் கைக்குச் சுலபமாக வருகிறதோ அவரிடம். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தவர், கேன்டீனில் ஒரே மேஜையில் சாப்பிடுபவர், கம்பெனி பஸ்ஸில் ஒரே நிறுத்தத்தில் ஏறுபவர். அப்படி எட்டு முறை பொறுப்பு பார்த்தவர், அடுத்த மார்ச்சில் "ஏற்கெனவே ஷிஃப்ட் ஓட்டின அனுபவம் உண்டு" என்ற தகுதியோடு வந்து உட்காருவார். அந்தத் தகுதி பொய் இல்லை. அது கிடைத்த வழிதான் அடைபட்டது.

நிர்வாகவியல் ஆய்வாளர் டேவிட் தாமஸ் மூன்று அமெரிக்க நிறுவனங்களில் பார்த்ததும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. வெள்ளையரில் திறமைசாலி என்று குறிக்கப்பட்டவர்கள் ஆரம்பத்திலேயே வேகமாக மேலே போனார்கள். சிறுபான்மையினரில் கடைசியில் உச்சிக்குப் போனவர்கள்கூட நடுமட்டத்தை எட்டும்வரை நெடுங்காலம் தங்களை நிரூபித்துக்கொண்டே இருந்தார்கள். நடுமட்டத்திலேயே நின்றுபோனவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. கஷ்டமான வேலையைக் கையில் கொடுத்து, "இவன் செய்வான்" என்று மற்றவர் முன் நிற்க ஆள் இல்லை.

ஆகவே எந்த வழியை எடைபோட்டாலும் கேட்க வேண்டியது: இது ராத்திரி ஒன்பது மணி போனைத் தொடுகிறதா?

விழிப்புணர்வு வகுப்பு

எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான், செய்ததாகக் காட்டவும் இதுதான் வசதி. 60 பேருக்கு ஆறு மணி நேரம் என்றால் 360 மனித மணி, வெளியிலிருந்து வருபவருக்குக் கட்டணம் தனி. டாபினும் கலெவும் 2016இல் எழுதிய கணக்கின்படி, மேலாளர்களுக்கு வகுப்பைக் கட்டாயமாக்கிய நிறுவனங்களில் ஐந்து ஆண்டு கழித்து மேலாளர் பதவியில் கறுப்பினப் பெண்களின் பங்கு சராசரியாக 9 சதவீதம் குறைந்திருந்தது. கறுப்பின ஆண்களுக்கு முன்னேற்றம் எதுவும் இல்லை. விருப்பப்பட்டு வரச் சொன்ன இடங்களில் விளைவு நல்லபடி இருந்தது. 2019இல் ஒரு பெரிய நிறுவனத்தில் 3,000 பேரை வைத்து ஒரு மணி நேர இணைய வகுப்பைச் சோதித்தார்கள். சிலருடைய எண்ணத்தில் மாற்றம் தெரிந்தது, நடத்தையில் பெரிதாக எதுவும் தெரியவில்லை.

நம் பக்கம் இதில் என்ன கெடும் என்று சொல்லத் தேவையில்லை. "எங்க கம்பெனியில அதெல்லாம் கிடையாது சார்" என்று முதல் வரிசை சொல்லும், கடைசி வரிசை வாயைத் திறக்காது. வகுப்பு முடிந்ததும் பேச்சில் கவனம் வரும், முடிவில் வராது. "இங்கே தகுதி மட்டுமே" என்று போர்டு எழுதி மாட்டுவதும் உதவாது. எமிலியோ காஸ்டில்லாவும் ஸ்டீபன் பெனார்டும் 2010இல் செய்த சோதனைகளில், தகுதியே எங்கள் கொள்கை என்று அழுத்திச் சொன்ன நிறுவனச் சூழலில்தான், சமமாக வேலை செய்த பெண்ணைவிட ஆணுக்குக் கூடுதல் போனஸ் போட்டார்கள். அது ஆண், பெண் வேறுபாடு பற்றிய சோதனை, சாதி பற்றியது இல்லை. ஆனால் "நான் நியாயமானவன்" என்று நம்புகிறவர் தன் கணக்கைத் திருப்பிப் பார்ப்பதில்லை என்பது இங்கேயும் செல்லும்.

பெயர் மறைத்த விண்ணப்பம்

வேலைக்கு எடுக்கும்போது ஓரளவு பயன். பதவி உயர்வில் அர்த்தமே இல்லை, ஏனென்றால் உள்ளே இருப்பவர் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். வேலைக்கு எடுக்கும் இடத்திலும் பெயரை மறைத்தால் போதாது. தகப்பனார் பெயர், ஊர், தெரு, படித்த பள்ளி, போட்டோ, டி.சி. நகல் என்று எல்லாவற்றையும் மறைக்க வேண்டும். சாதிச் சான்றிதழை அந்தக் கட்டத்தில் கேட்கவே கூடாது. பிரான்சில் இந்த முறையை நடைமுறையில் சோதித்தபோது, குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அழைப்பு குறைந்தது. முன்வந்து கலந்துகொண்ட நிறுவனங்கள் ஏற்கெனவே அவர்களை ஓரளவு ஆதரித்தவை. பெயரை மறைத்ததும், படிப்பில் விட்டுப்போன வருஷத்துக்கு என்ன காரணம் இருக்கும் என்று புரிந்து விட்டுக்கொடுக்கும் வாய்ப்பும் போய்விட்டது. முதல் தலைமுறைப் பட்டதாரி நிறைந்த நம் மாவட்டத்தில் இதை மறக்கக் கூடாது.

இலக்கும் சங்கமும்

வருஷத்துக்கு ஆறு பதவி உயர்வு நடக்கும் ஆலையில் 18 சதவீத இலக்கு என்றால் 1.08 ஆள். அந்த ஒருவருடைய நெற்றியில் "கோட்டா" என்று ஒட்டிவிடுவார்கள், அவர் கீழே வேலை பார்க்க நாலு பேர் முறைப்பார்கள். இலக்கை நாற்காலிக்கு வைக்காமல், நாற்காலிக்குப் போகும் பட்டியலுக்கு வைப்பது மேல். அமெரிக்கக் கால்பந்து லீக் 2003இல் கொண்டுவந்த ரூனி விதி அந்த வகை: தலைமைப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்காணலுக்கு அழைக்க வேண்டும் என்று அப்போது வைத்தார்கள். அதன் ஓட்டையும் தெரிந்ததே. முடிவெடுத்த பிறகு கண்துடைப்புக்கு ஒருவரை அழைக்கலாம். பட்டியலில் ஒரே ஒருவர் இருந்தால் அவர் விதிவிலக்காகத் தெரிவார், இரண்டு பேராவது இருக்க வேண்டும்.

அமெரிக்க நிறுவனங்களில் இனவாரியாக ஊழியர் வலைக்குழு அமைப்பார்கள். அங்கே அதற்குச் சிறு பலன் உண்டு. பொதுத்துறையில் பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர் நலச் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் இடஒதுக்கீட்டுச் சட்டமும் தொடர்பு அதிகாரியும் உண்டு. தனியார் ஆலையில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் கலர் கயிறு கட்டி அடித்துக்கொள்ளும் ஒரு வட்டாரத்தில், நிர்வாகமே சமூகவாரியாகக் குழு ஆரம்பித்து வைத்தால் அடுத்த மாதம் ஒவ்வொரு சமூகமும் தனக்கொன்று கேட்கும். 2023இல் நாங்குநேரியில் மாணவன் வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் அந்தக் கயிறு உள்ளிட்ட அடையாளங்களைத் தடுக்கச் சொல்லியது. ஆலையில் அதை ஆரம்பித்து வைக்க வேண்டாம். இந்த வழியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம்.

வழிகாட்டி முறை

நல்ல வழி, ஆனால் இரண்டாவதாக வர வேண்டியது. டாபின், கலெவ் கணக்கில், முறையான வழிகாட்டித் திட்டம் வைத்த நிறுவனங்களில் கறுப்பின, ஹிஸ்பானிய, ஆசியப் பெண்களின் மேலாளர் பங்கு 9 முதல் 24 சதவீதம்வரை கூடியது. முறையான என்பதை அழுத்திப் படிக்க வேண்டும். "யாருக்கு யார் பிடிக்கிறதோ" என்று விட்டால் அண்ணாச்சி தன் ஊர்ப் பையனைத்தான் எடுப்பார். ஜோடியை எச்.ஆர். போட வேண்டும், ஒரே துறையிலும் ஒரே நேரடி மேலாளருக்குக் கீழும் போடக் கூடாது. எட்டு ஜோடி, மாதம் இரண்டு சந்திப்பு, முக்கால் மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 288 மனித மணி.

கெடுவது இரண்டு இடத்தில். சந்திப்பு அறிவுரையாகவே முடிந்துவிடும், வேலை எதுவும் கைமாறாது. தாமஸ் சொன்னது இதைத்தான். அல்லது வழிகாட்டி, "நான் பாத்துக்கிடுதேன்" என்று எஜமானர் ஆகிவிடுவார், வழிகாட்டப்படுபவர் அவர் வீட்டு விசேஷத்துக்குப் பந்தி பரிமாறப் போவார். முதலாவதற்கு மருந்து, வழிகாட்டி ஒவ்வொருவரும் ஆண்டுக்குள் ஒரு குறிப்பிட்ட வேலையை (வாடிக்கையாளர் ஆடிட், புது மெஷின் ட்ரையல் போல) வாங்கித் தர வேண்டும் என்று ஆரம்பத்திலேயே எழுதி வாங்குவது. இரண்டாவதற்கு, சந்திப்பு ஆலைக்குள், வேலை நேரத்தில் மட்டும்.

பொறுப்புப் பதிவேடு, குழு, மதிப்பெண் நேர்காணல்

முதலில் எடுக்க வேண்டியது இது, மூன்றும் சேர்ந்து. டாபினும் கலெவும் பார்த்ததில் இப்படிக் குழு அமைத்த நிறுவனங்களில் ஐந்து ஆண்டில் ஒவ்வொரு சிறுபான்மைப் பிரிவின் மேலாளர் பங்கும் 9 முதல் 30 சதவீதம்வரை ஏறியது. காஸ்டில்லா 2008இல் ஏறத்தாழ 9,000 ஊழியர் கொண்ட ஒரு நிறுவனத்தில், ஒரே அப்ரைசல் (ஆண்டு வேலை மதிப்பீடு) மதிப்பெண் வாங்கியும் பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் சம்பள உயர்வு குறைவாகப் போடப்பட்டதைக் காட்டினார். பிறகு 2015இல், சம்பள முடிவுகளுக்குக் குழுவை வைத்து, கணக்கைத் தலைமைக்குத் தெரியும்படி செய்த நிறுவனத்தில் அந்த இடைவெளி சுருங்கியதையும் காட்டினார். அப்ரைசல் படிவத்தைத் திருத்துவதைவிட, முடிவெடுத்தவர் காரணம் சொல்ல வேண்டும் என்ற நிலை வருவதுதான் பலன் தருகிறது.

பதிவேடு எளிது. ஒரு எக்செல் தாள்: தேதி, ஷிஃப்ட், இல்லாத இன்சார்ஜ், பொறுப்பு பார்த்தவர், கொடுத்தவர், ஒரு வரிக் காரணம். வாரத்துக்குப் பத்து நிமிஷம், ஆண்டுக்கு ஒன்பது மணிக்குள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் மூன்றாண்டு அனுபவமும் பாதுகாப்புப் பயிற்சியும் உள்ள எல்லோரையும் ஒரு சுழற்சிப் பட்டியலில் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். வரிசையைத் தாண்டி ஒருவரைக் கூப்பிட மேலாளருக்கு உரிமை உண்டு, ஆனால் காரணத்தை அதே நாளில் எழுத வேண்டும். மூன்று நாள் கழித்து எழுதச் சொன்னால் எல்லாக் காரணமும் "அவசரம்" ஆகிவிடும்.

குழுவில் ஏழு பேர், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒன்றரை மணி நேரம், ஆண்டுக்கு 63 மனித மணி. உற்பத்தித் தலைவர் கட்டாயம் உள்ளே இருக்க வேண்டும். எச்.ஆர். மட்டும் உட்கார்ந்தால் அது வகுப்பாக மாறிவிடும். குழுவின் வேலை சாதியைப் பேசுவது இல்லை. பதிவேட்டை எடுத்து வைத்து, "சி ஷிஃப்டில் தகுதியுள்ளவர் ஒன்பது பேர், ஆறு மாதமாக இரண்டு பேர் மட்டுமே பொறுப்பு பார்த்திருக்கிறார்கள், ஏன்?" என்று சம்பந்தப்பட்ட மேலாளரைக் கேட்பது.

சாதிக் கணக்கு இல்லாமல் எப்படி என்று கேட்கலாம். எடுக்கலாம், விருப்பப்பட்டவர் மட்டும், எழுத்து ஒப்புதலோடு, வெளியாள் ஒருவர் கையில், மொத்த எண்ணிக்கையாக மட்டும் குழுவுக்கு. ஆனால் சின்ன எண்ணிக்கை ஏமாற்றும். தகுதியுள்ளவரில் கால்வாசி ஒரு சமூகத்தினர் என்று வைத்துக்கொண்டால், ஆறு பதவி உயர்வில் அவர்களில் ஒருவரும் வராமல் போக தற்செயலாகவே 18 சதவீதம் வாய்ப்பு உண்டு. ஒரு வருஷத்தை வைத்து யாரையும் குற்றம் சாட்ட முடியாது. மூன்று வருஷம், 18 பதவி உயர்விலும் ஒருவரும் இல்லையென்றால் தற்செயல் என்று சொல்ல அரை சதவீதம்தான் இடம். மூன்று வருஷம் காத்திருக்க முடியாது என்பதால்தான் பொறுப்பு பார்த்த நாட்களை எண்ணுகிறோம், அது வருஷத்துக்கு நூற்றுக்கணக்கில் வரும்.

நேர்காணலுக்கு மூன்று பேர் கொண்ட குழு, அதில் ஒருவர் வேறு துறை. எல்லோரிடமும் ஒரே ஐந்து கேள்வி, எல்லாம் வேலையைப் பற்றியது: "ஷிஃப்ட் மாறும் நேரத்தில் மெஷின் நின்றது, இரண்டு பேர் வரவில்லை, என்ன செய்வீர்கள்?" ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண், 1 எப்படி இருக்கும், 3 எப்படி, 5 எப்படி என்று முன்கூட்டியே எழுதியது. கேள்வி கட்டமைத்த நேர்காணல் பின்னாளைய வேலைத் திறனைச் சொல்வதில் கட்டமைக்காததைவிட வெகுவாக மேல். பால் சாக்கெட் குழுவின் 2022 மறுகணக்கில் முன்னது 0.42, பின்னது 0.19 (1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடர்பே இல்லை). வழக்கமாகக் கெடுவது இங்கே: பேசி முடித்துவிட்டு மதிப்பெண் போடுவார்கள், துறைத்தலைவர் போட்டதையே மற்ற இருவரும் போடுவார்கள். தனித்தனியாக எழுதி, தாளைக் கவிழ்த்து வைத்த பிறகே பேச்சு. "மனப்பான்மை" என்ற கட்டம் தாளில் இருக்கக் கூடாது, பிடிக்காதவரை அங்கேதான் கழிப்பார்கள். ஊர், தெரு, குடும்பம் பற்றி வாயே திறக்கக் கூடாது என்பது முதல் வரியாக அச்சிடப்பட வேண்டும். ஆறு பதவிக்கு நாலு நாலு பேர், ஆளுக்கு முக்கால் மணி நேரம் என்றால் 54 மனித மணி. மூன்றையும் கூட்டினால் 126 மணி. வகுப்புக்கு ஆகும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

முதல் ஆறு மாதம் எதிர்ப்பு வரும், பெரும்பாலும் நடுமட்ட மேலாளர்களிடமிருந்து. "உற்பத்தி பாதிக்கும்" என்பார்கள். சுழற்சியில் வந்தவர் பார்த்த ஷிஃப்டின் வெளியீட்டையும் ரிஜெக்ட் எண்ணிக்கையையும் அதே தாளில் சேர்த்துவிட்டால் அந்தப் பேச்சுக்கு எண்ணால் பதில் சொல்லலாம். உண்மையிலேயே ஒருவர் தடுமாறினால் அதுவும் தெரியும், அவருக்கு என்ன பயிற்சி வேண்டும் என்பதும் தெரியும். ஆறு மாத முடிவில் பொறுப்பு பார்த்தவர்களின் எண்ணிக்கை ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் விரியாவிட்டால் வழிகாட்டித் திட்டத்துக்குப் போக வேண்டாம். முதலாளியின் கையெழுத்தில் அந்தந்த மேலாளருக்குக் கடிதம் போக வேண்டிய கட்டம் அது. விரிந்திருந்தால், புதிதாகப் பொறுப்பு பார்த்தவர்களிலிருந்தே எட்டுப் பேரை எடுத்து வழிகாட்டித் திட்டத்தைத் தொடங்கலாம். வகுப்பு வேண்டுமென்றால் அதற்கும் பிறகு, வர விருப்பமுள்ளவருக்கு.

கயத்தாறு, முப்பந்தல் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சைட்டுகளுக்கு இந்தக் குழு பொருந்தாது. அங்கே நாலைந்து சைட்டுகளுக்குச் சேர்த்து ஒரே சுழற்சிப் பட்டியல் வைத்து, சைட் இன்சார்ஜ் லீவில் போகும்போது பக்கத்துச் சைட்டிலிருந்து ஆளை அனுப்புவது வழி. போக்குவரத்துச் செலவு கூடும். ஆனால் ஒரே ஊர்க்காரர்கள் ஒரே சைட்டைப் பரம்பரைச் சொத்து மாதிரி வைத்திருப்பது முதலில் உடைவது அங்கேதான்.